சிவப்புப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

தம்பிக்கு,

உன்னோடு இனிமேல் பேசுவதில்லை என்று நான் வைத்திருந்த வைராக்கியத்தை நீயே உடைக்க வைத்துவிட்டாய். சந்தோஷமா? மெயில் அனுப்பிப் பார்த்தேன். என் ரத்தப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தின் பெயரில் எதை அனுப்பினாலும் குப்பைக்குள் விழுகிறதாம். போனில் பேசினால் போன தடவை மாதிரி நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கோபத்தினால் என்று எடுத்துக்கொள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பரிசோதனை முடிவை வாங்க இனிமேல் யாரும் நேரில் வந்து நிற்க வேண்டாம், வீட்டில் உட்கார்ந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு இணையதளம் திறந்தோம். செய்தது யார் என்று உனக்கே தெரியும். என் மகள் குட்டியைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நீ 'நெட்டையன்' என்று பட்டப்பெயர் வைத்தாயே, அதே பையன்தான். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டைக்கூடத் தட்டோடு கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தான். காலையில் ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பினோம். கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு ரிடையர்டு வாத்தியார் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்னம்மா இது? சர்க்கரை எவ்வளவுன்னு பார்க்கலாம்னு தொட்டா, போலீஸ்காரன் மாதிரி மிரட்டுது!"

வாங்கிப் பார்த்தேன். திரை முழுக்க சிவப்பு. 'இந்தத் தளம் உங்களை ஏமாற்றி, உங்கள் தகவல்களைத் திருட முயலலாம். வெளியேறுங்கள்.' அடியில் பொடி எழுத்தில், இணையத் திருட்டைப் பிடிக்கிற உன் கம்பெனியின் பெயர்.

இத்தனை வருஷம் ஊசியும் கையுமாக இருக்கிறேன். ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்த்த மருந்துக்கடைக்காரன் சிரித்துக்கொண்டே கேட்கிறான், "அக்கா, எங்ககிட்ட எடுத்த ரத்தத்தையெல்லாம் எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" அவன் விளையாட்டுக்குத்தான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீ செய்தாயா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். அவன் முதன்முதலாக வீட்டுக்கு வந்துவிட்டுப் போன அன்று நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. "ஊருக்குப் புதுசு, மூணு வேலை மாறியாச்சு, சொந்தபந்தம் யாருன்னு தெரியல, தங்கியிருக்கிற லாட்ஜும் சரியில்ல. எனக்கு மனசு ஒப்பலக்கா." அன்று ஆரம்பித்த சண்டை. அடுத்த மாதம் கல்யாணம். அதைக் கெடுக்க உனக்கு வேறு வழி கிடைக்கவில்லையா?

அக்கா

*

மார்ச் 6, வெள்ளி

அக்கா,

கடிதத்தைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்யவில்லை. உன் தளம் சிவப்பான சங்கதியே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இங்கே தினமும் முளைக்கிற புதுத் தளங்களை மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தால் தலை நரைத்துவிடும். எந்திரம்தான் பார்க்கிறது. நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுகிறது. பள்ளிக்கூடம் மாதிரி இல்லை, இங்கே மதிப்பெண் ஏறினால்தான் ஆபத்து. எண்பதைத் தாண்டினால் சிவப்புப் பக்கம். உன்னுடையது தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறது.

எதற்கு இவ்வளவு என்று பார்த்தேன். எந்திரம் தளத்துக்குள் போவதற்கு முன்னால் அதன் முகவரியைத்தான் விசாரிக்கும். எப்போது பதிவானது? போன வாரம். திருடர்கள் ஒரு முகவரியை வாங்கி, நாலு நாள் வைத்திருந்து, அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு அதை விட்டுவிடுவார்கள். அதனால் புதிது என்றாலே எந்திரத்துக்கு ஒரு கண். முகவரியின் வால், அதாவது கடைசிப் புள்ளிக்கு அப்புறம் வருகிற துண்டு, மலிவாகக் கிடைக்கிற வகை, அவர்கள் அதிகம் வாங்குவதும் அதைத்தான். யார் பெயரில் வாங்கியது என்ற விவரம் மறைத்திருக்கிறது. அது குடியிருக்கிற சர்வரில் ஏற்கனவே பல திருட்டுத் தளங்கள் பிடிபட்டிருக்கின்றன. சரி, உள்ளே போய்ப் பார்த்தால், மேலே பெரிய ஆஸ்பத்திரியின் சின்னம். முகவரியோ அந்த ஆஸ்பத்திரியுடையது இல்லை. கீழே அடையாள எண்ணும் பாஸ்வேர்டும் கேட்கிற கட்டங்கள். இதில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் எந்திரம் கண்டுகொள்ளாது. அத்தனையும் ஒன்றாக வந்து நின்றால் அது என்ன செய்யும்?

இதெல்லாம் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. தப்பென்று தோன்றினால் முறையிடலாம், அப்போது ஒரு ஆள் உட்கார்ந்து பார்ப்பார். உன் பெயரில் நானே முறையீடு போட்டுவிட்டேன். ஆனால் நான் பார்க்க முடியாது. சொந்தக்காரர்களின் தளத்தைத் தொடக்கூடாது, உடனே அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது எங்கள் பிரிவில் கண்டிப்பான விதி. பாசம், பகை எது இருந்தாலும் கண்ணை மறைக்கும் என்பதற்காக. அதனால் என் எதிர் மேஜைக்காரியிடம் கொடுத்துவிட்டேன். அவளை நாங்கள் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவோம். எதையும் லேசில் விடமாட்டாள்.

நெட்டையனைப் பற்றி அன்று நான் சொன்னது வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே.

தம்பி

*

மார்ச் 9, திங்கள்

தம்பிக்கு,

விளக்கமெல்லாம் பிரமாதம். அவனிடமே படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான், கேள்.

போன வாரம் வாங்கிய முகவரி போன வாரம்தானே பதிவாகும்? புதுசாகப் பிறந்த குழந்தையையெல்லாம் பிடித்து ஜெயிலில் போடுவீர்களா? மலிவான வால் எதற்கு என்றால், அதற்குக் காரணம் நான். "காசைக் கொட்டாதேப்பா, எங்கெங்கே இலவசமா கிடைக்குதோ அதை எடுத்துக்கோ" என்று நான்தான் அவன் உயிரை வாங்கினேன். சர்வரும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் திருடன் இருந்தால் நானும் திருடியா? ஆஸ்பத்திரி சின்னம் எதற்கென்றால், பாதிப் பேரை அவர்கள்தான் இங்கே அனுப்புகிறார்கள். போட்டுக்கொள்ளச் சொல்லி அவர்களே அனுமதி கொடுத்தார்கள்.

எல்லாவற்றையும் படித்து முடித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டும் வேறு வேறு என்கிறாயே, நீ அவனைப் பற்றிச் சொன்னதும் உன் எந்திரம் தளத்தைப் பற்றிச் சொன்னதும் வரிக்கு வரி ஒன்றாக இருக்கிறதே! புதுசு. யாருடையது என்று தெரியவில்லை. அக்கம்பக்கம் சரியில்லை. யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது? நீ எந்திரத்துக்கா, எந்திரம் உனக்கா?

பையனின் முகம் செத்துப்போய்விட்டது. "அத்தை, நான் வேணா எல்லாத்தையும் எடுத்துடறேன், பழையபடி பேப்பர்லயே குடுத்துடுங்க" என்கிறான். குட்டி அவனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அப்புறம் குளியலறைக்குள் போய் அழுகிறாள். உன் பூதக்கண்ணாடியைச் சீக்கிரம் பார்க்கச் சொல்.

அக்கா

*

மார்ச் 12, வியாழன்

அக்கா,

மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கூரியரில் அனுப்புகிறேன். படிப்பதற்கு முன்னால் உட்கார்ந்துகொள். குட்டி பக்கத்தில் இருந்தால் உள்ளே போகச் சொல்.

பூதக்கண்ணாடி பார்த்துவிட்டாள். எங்களிடம் ஒரு மூடிய அறை மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்குள் எந்திரம் சந்தேகப்பட்ட தளத்தைத் திறந்து, ஒரு நோயாளி மாதிரியே நடித்துப் பார்க்கும். பொய்ப் பெயர், பொய் எண், பொய் பாஸ்வேர்டு எல்லாம் அதுவே தயார் செய்து கட்டங்களில் போடும். போட்டது எங்கே போகிறது என்று பின்னாலேயே போகும். உன் தளத்தில் போட்டதும் அது ஒழுங்காக உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதே நொடியில் இன்னொரு நகல் வேறு எங்கேயோ போயிற்று.

எங்கே என்று பார்த்தால் உனக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரி. அதைக் கிளறினால் பின்னால் இன்னொரு முகவரி, அதற்குப் பின்னால் ஆள் அட்ரஸ் இல்லை. அவள் எனக்குக் காட்டினாள். நான் நம்பாமல் மறுபடி ஓட்டச் சொன்னேன். மறுபடியும் போயிற்று.

தளத்துக்குள் ஒரே ஒரு வரி. பக்கத்தைப் பார்க்கிறவர்கள் கண்ணில் படாது. யார் என்ன எண்ணும் பாஸ்வேர்டும் போட்டாலும் அதைத் திருடி அனுப்புகிற வரி. முக்கால்வாசிப் பேர் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வைத்திருப்பார்கள், அது உனக்கே தெரியும். சிவப்பு வருவதற்கு முன்னால் உள்ளே போனவர்கள் எல்லாரும் இன்றே மாற்றியாக வேண்டும். நகல் போன இடத்தில் பூதக்கண்ணாடி கண்டெடுத்த பெயர்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா, தளத்தைச் செய்தவன் ஒருத்தன்தான். அந்த வரியைப் போட்டவன் வேறு யாராக இருக்க முடியும்? நான் அன்றே சொன்னேன். இப்போது சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. கல்யாணத்தை நிறுத்து. இன்றே நிறுத்து. அவனை ஆய்வுக்கூடத்து வாசல்படி ஏறவிடாதே.

தம்பி

*

மார்ச் 14, சனி

நிறுத்திவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது அவன் அங்கேதான் இருந்தான், பிரிண்டரைச் சரி செய்துகொண்டு. வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அவன் முகத்துக்கு நேராகக் கடிதத்தை நீட்டி, "இது என்னடா? இதுக்குத்தான் என் வீட்டுக்குள்ள வந்தியா?" என்று கேட்டேன். கேட்டது என் குரல்தானா என்று எனக்கே இப்போது சந்தேகம்.

படித்தான். வெளுத்துப் போனான். மறுப்பான், கத்துவான், காலில் விழுவான், ஏதாவது செய்வான் என்று பார்த்தேன். பெயர் எழுதிய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான்.

குட்டி சாப்பிடவில்லை, என்னோடு பேசவும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு தடவை சொன்னாள். "மாமா தளத்துக்குப் போட்ட மார்க்கைத் தூக்கி மனுஷனுக்குப் போட்டுட்டார். நீ அதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டே."

நீ காப்பாற்றினாய் என்று சொல்ல வேண்டும். சொல்லவும் வாய் வரமாட்டேன் என்கிறது.

*

மார்ச் 18, புதன்

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துவிட்டேன். போன் செய்தேன், எடுக்கிறவர் இல்லை.

பூதக்கண்ணாடி அந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. அதே வரி வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று எந்திரத்தைத் தேடவிட்டாள். இருக்கிறது. நூற்றுக்கணக்கான தளங்களில் இருக்கிறது. ஒரு டியூஷன் சென்டர், ஒரு பல் டாக்டர், நாய் பூனைக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு இடம், பாட்டு வகுப்பு நடத்துகிற ஒரு அம்மாள். ஒருவரையொருவர் தெரியாதவர்கள். எல்லாத் தளங்களும் பார்க்க ஒரே ஜாடை. கட்டம், பொத்தான், நிறம் எல்லாம் ஒன்று. இணையத்தில் 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு தயார் டெம்ப்ளேட் கிடக்கிறது, அக்கா. அதை எடுத்து, பெயரையும் படத்தையும் மாற்றினால் தளம் தயார். அதைச் செய்து வைத்தவனே அந்த வரியை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறான். இலவசமாகக் கொடுத்ததே அதற்குத்தான்.

உன் பையன் அந்த வரியை எழுதவில்லை. அவனுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு வருஷமாக அது உலவிக்கொண்டிருக்கிறது.

என் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூதக்கண்ணாடி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "நான் உங்ககிட்ட தளத்தைப் பத்தி மட்டும்தானே சொன்னேன்? யாரு போட்டாங்கன்னு இன்னும் பார்க்கலன்னு சொன்னேனே!" என்றாள். சொன்னாள்தான். அந்தப் பாதியை நான் காதில் வாங்கவில்லை.

சொந்தக்காரர் விஷயத்தைத் தொடாதே என்பது விதி. நான் தொடவில்லை என்று உன்னிடம் பெருமையாக எழுதினேன். தளத்தைத்தான் ஒப்படைத்தேன். பையனை ஒப்படைக்கவில்லை, அவனை நானே வைத்துக்கொண்டு விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். எந்திரம் சொன்னது சரிதான், இப்போதும் சரிதான். அது சிவப்பு காட்டியிருக்காவிட்டால் உன்னிடம் வருகிற அத்தனை பேரின் பாஸ்வேர்டும் போயிருக்கும். அது ஒரு இடத்திலும் அவன் பெயரைச் சொல்லவில்லை. சொன்னது நான்.

அவனைக் கூப்பிடு. என்ன சொல்ல வேண்டுமோ சொல். என் தலையில் போடு, எல்லாவற்றையும் என் தலையில் போடு. கல்யாணம் நிற்கக்கூடாது.

தம்பி

*

மார்ச் 21, சனி

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்துவிட்டு, போட்ட செருப்போடு அப்படியே கிளம்பினேன். குட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால் வீட்டில் இல்லை. இரண்டு நாளாகத் தோழி வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தாள். நானும் சரி, அழுது தீர்க்கட்டும் என்று விட்டிருந்தேன்.

நீ சரியில்லை என்று சொன்னாயே, அந்த லாட்ஜ். மூன்றாவது மாடி. பெல் வேலை செய்யவில்லை. தட்டினேன். உள்ளே யாரோ போனில் பேசுகிற சத்தம். மறுபடி தட்டினேன். நான்காவது தடவை கதவு திறந்தது.

திறந்தது குட்டி.

பின்னால் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். காதில் போன், மடியில் நீ அனுப்பிய அந்தத் தாள். "சார், நாங்க ஆய்வுக்கூடத்துலேர்ந்து பேசறோம். நீங்க போட்ட பாஸ்வேர்டு வெளியே போயிருக்கு. இப்பவே மாத்திடுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். அன்று இறங்கிப் போனவன் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறான். ஒவ்வொருவராக. சிலர் திட்டினார்களாம். நம் வாத்தியார், "நீ யாருப்பா, நீயும் திருடனா?" என்று கேட்டு வைத்துவிட்டாராம். அவர் வீட்டுக்கே போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

நான் உன் கடிதத்தை எடுத்து நீட்டினேன். "தப்பு உன்னோடது இல்லையாம்பா, மாமா எழுதியிருக்கார்" என்றேன். அவன் வாங்கவில்லை. குட்டிதான் வாங்கி, படிக்காமலே மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அப்புறம் அலமாரியிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கல்யாணப் பதிவுச் சான்றிதழ், தம்பி. புதன்கிழமை தேதி. நீ அங்கே உட்கார்ந்து தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருந்த அதே புதன்கிழமை.

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். திட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. "அன்னிக்கு மாமாவோட இந்தக் கடிதம்கூட வரலியேடி. எதை வெச்சு நம்பினே?" என்று கேட்டேன்.

என்னை ஏதோ வேடிக்கை மாதிரிப் பார்த்தாள். "இதை எங்கேர்ந்து எடுத்தேன்னு அவர்கிட்ட கேட்டேம்மா. இலவசமா ஒரு டெம்ப்ளேட் கிடைச்சுது, உள்ளே வரிவரியாப் படிச்சுப் பார்க்காம போட்டுட்டேன், அது என் தப்புதான்னு சொன்னார். அவ்வளவுதான்."

எந்திரத்தை வைத்து இத்தனை பேர் இத்தனை நாள் தோண்டிய விஷயத்தை அவள் ஒரே கேள்வியில் வாங்கியிருக்கிறாள். நான் கேட்டிருக்கலாம். என் எதிரில்தான் நின்றான். 'இது என்னடா' என்றுதான் கேட்டேன், பதிலுக்கு நான் காத்திருக்கவே இல்லை. "ஏம்ப்பா அன்னிக்கு வாயைத் திறக்கல?" என்று கேட்டதற்கு, "நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு நானே நம்பிட்டேன், அத்தை" என்றான். அத்தை என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

தளத்தை அவன் முதலிலிருந்து தன் கையால் எழுதப் போகிறானாம். எழுதி முடித்ததும் உங்கள் எந்திரம் மறுபடி பார்த்துச் சிவப்பை எடுத்துவிடும் என்று நம்புகிறேன். நம் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியாது. என்னை உள்ளே உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். வீட்டுக்கு வாருங்கள் என்றதற்கு மட்டும் இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

உன்னைப் பற்றிக் கேட்டேன். குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன்தான் யோசித்து, "மன்னிப்பெல்லாம் வேணாம். மாமாவை வரச் சொல்லுங்க. ஒரு தடவையாவது என்னைப் பத்தி என்கிட்டயே கேட்கட்டும்" என்றான்.

வா. கடிதம் எழுதாதே, போன் செய்யாதே, நேரே அங்கே போ. மூன்றாவது மாடி, இடதுபக்கம் கடைசிக் கதவு. பெல் வேலை செய்யாது, தட்ட வேண்டும். திறக்கும் வரைக்கும் தட்டு.

அக்கா